இருபத்து நாலு கையெழுத்து

ஜூன் 2, ஞாயிறு

காலையில மொட்டை மாடியில நடந்த கூத்தை எழுதி வைக்கலேன்னா மத்தியான சாப்பாடு எனக்கு இறங்காது. குக்கரை அடுப்புல ஏத்திட்டு உட்கார்ந்திருக்கேன்.

எங்க பொன்னி குடியிருப்பை இடிக்கப் போறாங்களாம். மூணு பிளாக், இருபத்து நாலு வீடு, மொத்தத்தையும் தரைமட்டமாக்கிட்டு அதே இடத்துல பதினாறு மாடி. எங்களுக்கு ஆளுக்கு ஒரு புது வீடு, இப்ப இருக்கிறதை விடப் பெருசு. மீதி வீட்டையெல்லாம் பில்டர் வித்துக்குவாராம். கட்டி முடிக்க மூணு வருஷம். அதுவரைக்கும் நாங்க வெளிய வாடகைக்கு இருக்கணும், வாடகை அவங்க பொறுப்பு. ஆனா இருபத்து நாலு வீட்டுக்காரங்களும் கையெழுத்து போடணும். ஒருத்தர் மாட்டேன்னாலும் கடப்பாரை உள்ள வராது.

பில்டர் ஆபீஸ்லேர்ந்து நிவேதான்னு ஒரு பொண்ணு வந்து கலர் படமெல்லாம் காட்டுச்சு. படத்துல நீச்சல் குளம், அதைச் சுத்தி வெள்ளைக்காரங்க நாயோட நடக்கறாங்க. அயனாவரத்துக்கு இவங்க எப்ப குடி வந்தாங்கன்னு கேட்டேன். சங்கத் தலைவர் கோதண்டபாணி சார் என்னை முறைச்சார். அவர் ஏ பிளாக், தரைத்தளம். எதுக்கும் முதல்ல முறைப்பார், அப்புறம்தான் யோசிப்பார்.

அதைக் கூட விட்டுடலாம். முதல் ஆளா எழுந்து நின்னு "நல்ல திட்டம், நான் ஆதரிக்கறேன்"னு சொன்னது யாருன்னா, என் எதிர் வீட்டு ஞானதிரவியம். இருபத்தேழு வருஷமா எனக்கு எதிர்க் கதவு. நேத்து காலையிலதான் ரெண்டு பேரும் ஒண்ணா நின்னு மோட்டார் போட்டோம். இதைப் பத்தி ஒரு வார்த்தை சொன்னாரா மனுஷன்? எனக்கு வந்ததே கோபம்.

நான் எழுந்தேன். முப்பத்தஞ்சு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல ஊரே பேசினதைக் கேட்டவ, எனக்குப் பேசத் தெரியாதா? கல்யாணம் காட்சின்னு போகாம, ரெண்டு தங்கச்சியைக் கட்டிக் குடுத்துட்டு, நானா சம்பாதிச்சு வாங்கின வீடு இது. இடிக்க விட மாட்டேன்னு சொல்லிட்டு உட்கார்ந்துட்டேன்.

குக்கர் நாலு விசில் ஆயிடுச்சு. பருப்பு குழைஞ்சிருக்கும்.

ஜூன் 4, செவ்வாய்

எங்க சி பிளாக்குக்கு மெட்ரோ தண்ணி காலையில அஞ்சு மணிக்கு வரும். தொட்டியில விழற தண்ணியை மோட்டார் போட்டு மேல ஏத்தணும், நிரம்பினதும் நிறுத்தணும். மாடிக்கு மாடி முறை. மூணாவது மாடியில இருக்கற எங்க ரெண்டு வீட்டுக்கும் செவ்வாயும் சனியும். சுவிட்சைத் தட்ட ஒரு ஆள் போதும்தான். ஆனா ரெண்டு பேருமே இறங்கிப் போறது பழக்கம் ஆயிடுச்சு. அவர் பேப்பர் எடுத்துட்டு வருவார், நான் பிளாஸ்க்ல காபி.

இன்னிக்கு அவரோட பேசறதில்லைன்னு முடிவு பண்ணிட்டுத்தான் இறங்கினேன். நாப்பது நிமிஷம் பேசினேன். கீழ் வீட்ல இட்லி மாவு விக்கற சகுந்தலா ஜன்னலைத் திறந்து, "சண்டையா இருந்தா மெதுவாப் போடுங்கக்கா, மாவு அரைச்சுட்டு இப்பத்தான் கண் அசந்தேன்"னா.

லிப்ட் வரும்னு சொல்றார். பதினாறு மாடிக்கும் மூணு லிப்ட். உங்களுக்கு எதுக்கு லிப்ட், ரயில் பெட்டி பட்டறையில முப்பது வருஷம் இரும்போட புரண்டவர், அறுபத்து நாலு வயசுல ரெண்டு ரெண்டு படியா தாவி ஏறறீங்கன்னு கேட்டேன். அதுக்கு அவர் என் காலைப் பார்த்தார். செருப்பு புதுசு, அதைப் பார்த்திருப்பார்.

மேல வரும்போது ரெண்டு இடத்துல நின்னேன். பேச்சு சுவாரசியம்.

ஜூன் 9, ஞாயிறு

இன்னிக்கு ரெண்டாவது கூட்டம். இருபத்திரண்டு நிமிஷம் பேசினேன். சாக்கடை, கார் நிறுத்தற இடம், நூறு குடும்பம் வந்தா தண்ணி எங்கேர்ந்து வரும், தீ பிடிச்சா பதினாறாவது மாடிக்காரன் என்ன பண்ணுவான், எல்லாத்தையும் கேட்டேன். நிவேதா எல்லாத்துக்கும் பதில் வெச்சிருக்கு. நல்ல பொண்ணு, வேலை கத்து வெச்சிருக்கு. அதுதான் இன்னும் எரிச்சல்.

சகுந்தலா கேட்ட கேள்விதான் கேள்வி. "எனக்குப் பன்னண்டாவது மாடி விழுந்தா ஒரு டப்பா இட்லி மாவுக்கு எவ லிப்ட் ஏறி வருவா?" கூட்டமே சிரிச்சுது. ஆனா அவ சிரிக்கலை.

கணக்கெடுத்தாங்க. பதினஞ்சு பேர் சரின்னாங்க, ஒன்பது பேர் வேண்டாம்னாங்க. ஒன்பது பேருக்கும் நான்தான் தலைவி. அந்தப் பதினஞ்சு பேருக்கு எதிர் வீட்டுக்காரர். கூட்டம் முடிஞ்சு ஒரே படியில ஏறி வந்தோம், வேற வழி இல்லையே. "நல்லாப் பேசினீங்க மேடம்"னார். கிண்டலான்னு பார்த்தேன், இல்ல. நிஜமாத்தான் சொன்னார்.

ஜூன் 12, புதன்

முருங்கைக்காய் சாம்பார் வெச்சேன். எதிர் வீட்டுக்கு ஒரு கிண்ணம். எதிர்க்கட்சியா இருந்தாலும் சாப்பிட வேண்டாமா.

ஜூன் 22, சனி

நிவேதா வீட்டுக்கே வந்துடுச்சு. மூணு மாடி ஏறி வந்ததுக்கு மோர் குடுத்தேன். என்னைத் தனியாப் பிடிச்சு சரிக்கட்டச் சொல்லி அனுப்பியிருக்காங்க, தெரியாதா எனக்கு. "உங்களுக்கு என்ன வேணும்னு சொல்லுங்க ஆன்ட்டி, செஞ்சு குடுக்கறோம்"னுச்சு.

எதிர் வீடு யாருக்குப் போகும்னு கேட்டேன்.

யாருக்கு எந்த வீடுங்கறது குலுக்கல்லதான் முடிவாகுமாம். இருபத்து நாலு பேர் சீட்டையும் ஒரு குடத்துல போட்டு எடுப்பாங்களாம். ஒருத்தருக்கு மூணாவது மாடி வரும், ஒருத்தருக்குப் பதினாலு வரும். அதுதான் நியாயமாம், யாரும் குறை சொல்ல முடியாதாம்.

அப்படின்னா முடியவே முடியாதுன்னுட்டேன். அது என்ன புரிஞ்சுக்கிச்சோ, பையிலேர்ந்து வரைபடத்தை எடுத்து விரிச்சு, "வாஸ்து பார்ப்பீங்களா ஆன்ட்டி? உங்க எதிர்ல எந்தத் திசை வரணும்?"னு கேட்டுச்சு. தெற்குன்னு வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பிட்டேன்.

யார் எங்க போனா எனக்கு என்ன. பழகின முகமா இருந்தா, கேஸ் தீர்ந்தா, ஜுரம் வந்தா, கூப்பிட ஒரு கதவு. அவ்வளவுதான். எதிர் வீட்டுக்காரரோட மனைவி ஸ்டெல்லா எனக்கு அப்படி ஒரு சிநேகிதி. போய் ஆறு வருஷம் ஆச்சு. கடைசி நாள்ல ஆஸ்பத்திரியில என் கையைப் பிடிச்சுக்கிட்டு, "அவருக்கு உப்பு போட்டு சமைக்கவே தெரியாது இந்திராணி"ன்னா. அதனாலதான் கிண்ணம் போகுது. வேற ஒண்ணும் இல்ல.

ஜூலை 5, வெள்ளி

ஒன்பது பேர் நாலு பேர் ஆயிட்டோம். சகுந்தலாவும் போயிட்டா. புதுக் கட்டடத்துல தரைத்தளத்துலயே அவளுக்கு மாவுக் கடைக்கு இடம் தராங்களாம். நூறு வீட்டுக்கும் இவ மாவுதான். என்கிட்ட வந்து, "கோச்சுக்காதீங்கக்கா"ன்னா. எதுக்குடி கோச்சுக்கணும், நல்லா இருன்னு சொன்னேன். மனசாரத்தான் சொன்னேன். அவ போன பிறகு வீட்ல பேச ஆள் இல்ல.

காய்கறி வாங்க இப்பல்லாம் கீழ இறங்கறதில்லை. பால்கனியிலேர்ந்து கயிறு கட்டிக் கூடையை விடறேன், தள்ளுவண்டிக்காரர் போட்டு அனுப்பறார். கால்வலியெல்லாம் கிடையாது. நேரம் மிச்சம்.

ஜூலை 14, ஞாயிறு

மூணாவது கூட்டம். எங்க பக்கம் நான் ஒருத்திதான். மத்த மூணு பேரும் நேத்தோட சரி. கோதண்டபாணி சார் புது நோட்டு ஒண்ணு வாங்கி, பேர் எழுதி, கோடு போட்டு, கையெழுத்து வாங்கத் தயாரா பேனா மூடியைத் திறந்துட்டார்.

ஆனா இந்த இந்திராணி என்ன லேசுப்பட்டவளா? எழுந்து ஒரே ஒரு விஷயம் சொன்னேன். "புதன்கிழமை ஆடி பிறக்குது. இன்னிக்குக் கையெழுத்து வாங்கினா, பத்திரம் பேசறதும் வீடு பார்க்கறதும் ஆடியில வரும். பரவாயில்லைன்னா போடுங்க."

அமெரிக்காவுல ரெண்டு பிள்ளைங்க இருக்கற பி பிளாக்காரர் முதல்கொண்டு அத்தனை பேரும் விரலை மடக்கிக் கணக்குப் பார்க்கறாங்க. நிவேதா கூட போனை எடுத்து வெளிய போய் யாருக்கோ பேசிட்டு வந்து, "எங்க எம்.டி.யும் ஆவணியிலயே வெச்சுக்கலாம்ங்கறார்"னுச்சு. சிரிப்பை அடக்க முடியாம முந்தானையை வாயில வெச்சுக்கிட்டேன்.

இதுல ஒண்ணுதான் எனக்கு விளங்கலை. ஞாயிறு தவறாம சர்ச்சுக்குப் போற ஞானதிரவியம் எழுந்து, "ஆமா, ஆடி முடியட்டும், முறைன்னு ஒண்ணு இருக்கில்ல"ன்னார். அவருக்கு எப்பலேர்ந்து ஆடி ஆவணி எல்லாம்?

எப்படியோ ஒரு மாசம் கிடைச்சுது. ராத்திரிக்கு அடை வார்த்தேன். கொஞ்சம் அதிகமாவே வார்த்துட்டேன், அஞ்சு எதிர் வீட்டுக்குப் போச்சு.

ஜூலை 23, செவ்வாய்

மோட்டாருக்கு இறங்கலை. அசந்து தூங்கிட்டேன்.

அசந்து தூங்கலை. ரெண்டாவது மாடித் திருப்பத்துல முட்டி மடங்க மாட்டேன்னு அடம் பிடிச்சுது. அங்கேயே படியில உட்கார்ந்துட்டேன். அவர் மோட்டாரை நிறுத்திட்டு மேல வந்து பார்த்தார். பக்கத்துல ஒரு படி கீழ உட்கார்ந்து பேப்பரை விரிச்சு சத்தமாப் படிச்சார். தங்கம் விலை, மழை வருமா வராதா, எல்லாம். அரை மணி நேரம் கழிச்சு நானா எழுந்தேன். கையைக் குடுத்தார், பிடிச்சுக்கிட்டேன். அவசரத்துக்குப் பிடிச்சுக்கறதுதான்.

பதினோரு மணிக்கு ஆட்டோவோட வந்து நிக்கறார், டாக்டர்கிட்ட போகணுமாம். டாக்டருக்கு என் தங்கச்சி பையன் வயசுதான் இருக்கும். படமெல்லாம் எடுத்துப் பார்த்துட்டு, படி ஏறறதைக் குறைக்கணும்னு சொல்றார். மூணாவது மாடியில இருக்கறவ பறந்தா போவா? மாத்திரை எழுதிக் குடுத்திருக்கார். திரும்பி வரும்போது ஆட்டோவுல ஞானதிரவியம் "லிப்ட்"டுன்னு ஆரம்பிச்சார். பார்த்த பார்வையில நிறுத்திட்டார்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. இந்த மாதிரி ஒரு நாள் இந்தக் குடியிருப்புல நடந்து பத்து வருஷம் இருக்கும்.

மத்த ஊர்ல ஆத்தங்கரைக்குப் போவாங்க. எங்களுக்கு ஆறு ஏது? சகுந்தலா மெட்ரோ தண்ணி விழற தொட்டி மூடிக்கே மஞ்சள் குங்குமம் வெச்சு, பூ வெச்சு, சூடம் காட்டிட்டா. "நமக்கு இதுதான்க்கா காவேரி." மோட்டார் முறை எங்களுதுங்கறதால அம்மன் பூசாரி மாதிரி ஞானதிரவியம் பக்கத்துல நின்னார். சகுந்தலா கொஞ்சமும் யோசிக்காம அவர் நெத்தியிலயும் குங்குமத்தை இட்டுட்டா. அவரும் சாயங்காலம் வரைக்கும் அழிக்கலை.

மத்தியானம் மொட்டை மாடியில எல்லார் வீட்டுச் சோறும். நான் புளிச்சோறும் தேங்காய்ச் சோறும். கோதண்டபாணி சார் வீட்ல எலுமிச்சை, பி பிளாக்லேர்ந்து தயிர்ச்சோறு, மாங்காய், வத்தல், அப்பளம். ஞானதிரவியம் தானே சமைச்சேன்னு ஒரு பாத்திரத்துல தக்காளிச் சோறு கொண்டு வந்தார். உப்பே இல்ல. ஒருத்தரும் சொல்லலை. நான் ரெண்டு தடவை போட்டுக்கிட்டேன்.

எல்லாரும் ஒண்ணா உட்கார்ந்து சாப்பிட்டு முடிச்சப்ப கோதண்டபாணி சார், "புதுக் கட்டடத்துல மொட்டை மாடி பதினாறு மாடிக்கு மேல இருக்கும், அங்கயும் இதே மாதிரி சாப்பிடணும்"னார். உடனே எல்லாரும் பேச ஆரம்பிச்சுட்டாங்க, யார் என்ன கொண்டு வர்றதுன்னு. ஒருத்தர் கூட சண்டை போடலை. எனக்கு சந்தோஷமாத்தான் இருந்துச்சு. ஆனா இவங்க எல்லாரும் ஏற்கெனவே அங்க குடி போயிட்டாங்க. நான் மட்டும்தான் இங்க இருக்கேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

நேத்து ஆவணி முதல் தேதி. கோதண்டபாணி சார் காலையில குளிச்சு விபூதி பூசிட்டு நோட்டோட கிளம்பினவர், ஒரே நாள்ல வாங்க வேண்டியதை வாங்கிட்டார். இன்னிக்கு என் வீட்டுக்கு வந்தார். மூணு மாடி ஏறினதுல மூச்சு வாங்குச்சு, முறைக்கக் கூட முடியலை.

நோட்டை விரிச்சார். வரிசையா கையெழுத்து. சி பிளாக் ஏழு காலி. அது நான். அதுக்குக் கீழ எட்டும் காலி.

எட்டு, ஞானதிரவியம்.

ஏன்னு கேட்டேன். "எனக்கும் புரியலம்மா, இவ்வளவு பேரையும் சரிக்கட்டினதே அவர்தான். கேட்டா, பேனாவுல மை இல்லைங்கறார். என் பேனாவைக் குடுத்தா, கண்ணாடி இல்லைங்கறார். மூக்கு மேலயே இருக்கு கண்ணாடி"ன்னார்.

அடுத்த ஞாயிறு கடைசிக் கூட்டமாம். அன்னிக்குள்ள ரெண்டு பேரும் ஒரு முடிவு சொல்லணுமாம்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

மோட்டார் போட்டுட்டு அவர்கிட்ட நேராவே கேட்டேன். ஊரையே கையெழுத்து போட வெச்சுட்டு நீங்க போடாம இருக்கறதுக்கு என்ன அர்த்தம் சார்னு.

"நீங்க போட்டா போடுவேன். நீங்க போடலேன்னா நானும் போடறதா இல்ல."

"அப்ப எதுக்கு ரெண்டரை மாசமா என்னோட சண்டை?"

தொட்டி மூடியை விலக்கித் தண்ணி எவ்வளவு இருக்குன்னு பார்த்தார். அப்புறம் சொன்னார். "உங்க முட்டிக்காக. போன தீபாவளிலேர்ந்து பார்க்கறேன், ஒவ்வொரு திருப்பத்துலயும் நிக்கறீங்க. கூடை இறங்குது, நீங்க இறங்கறதில்லை. லிப்ட் இல்லேன்னா இன்னும் ரெண்டு வருஷத்துல அந்த வீட்டுக்குள்ளயே இருந்துடுவீங்க. அதுக்குத்தான் எல்லாரையும் போய்ப் பார்த்தேன். ஆனா உங்களுக்கு இஷ்டம் இல்லாம இடிக்க விட மாட்டேன் மேடம்."

டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்காரிக்கு வாய் வரலை. காபி பிளாஸ்கைக் கூட எடுக்காம மேல வந்துட்டேன், எங்கயும் நிக்காம. முட்டி வலிச்சுதா இல்லையான்னே தெரியலை. கதவைச் சாத்திட்டு அழுதேன். சந்தோஷத்துலதான் அழுதேன், அதை இந்த நோட்டுலயாவது உள்ளபடி எழுதணும். அம்மா போன பிறகு என் கால் வலியை ஒரு ஆள் கவனிச்சது இதுதான் முதல் தடவை.

தண்ணி நிரம்பி வழிஞ்சிருக்கு. அவரும் மோட்டாரை நிறுத்த மறந்துட்டார். சகுந்தலா ஜன்னல்லேர்ந்து கத்தினது மூணு பிளாக்குக்கும் கேட்டிருக்கும்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

நாலு பக்கத்துக்கு எழுதி எடுத்துட்டுப் போனேன். கார் நிறுத்தற இடம், சாக்கடை, சூரிய வெளிச்சம், எல்லாம் இருந்துச்சு அதுல. கோதண்டபாணி சார், "சொல்லுங்கம்மா, உங்களுக்கு என்னதான் பிரச்சனை?"ன்னார். இந்தத் தடவை முறைக்காமத்தான் கேட்டார்.

காகிதத்தைப் பிரிச்சேன். ஒரு எழுத்தும் கண்ணுல படலை. மடிச்சு இடுப்புல சொருகிட்டு, "குலுக்கல் போட்டா எதிர் வீடு மாறிடும்"னு சொன்னேன்.

சொல்லிட்டேன். வெளிய வந்துடுச்சு. காது ரெண்டும் சுட்டுது. யாரையும் பார்க்க முடியலை, தரையையே பார்த்துட்டு நின்னேன்.

முதல்ல பேசினது சகுந்தலா. "அவ்வளவுதானாக்கா? இதைச் சொல்றதுக்கா ஜூன் மாசத்துலேர்ந்து சாக்கடை சாக்கடைன்னு எங்க உயிரை வாங்கினீங்க?"

ஒருத்தர் சிரிக்க, மொத்த மாடியும் சிரிச்சுது. பி பிளாக்காரர், "எங்களுக்கெல்லாம் நாலு வருஷமாத் தெரியும்மா"ன்னார். எது தெரியும்னு நான் கேட்கலை. கோதண்டபாணி சார் தொண்டையைக் கனைச்சுட்டு நோட்டுல எழுதிக்கிட்டே படிச்சார். சி பிளாக் ஏழு, எட்டு ரெண்டு வீட்டையும் குலுக்கல்ல சேர்க்காம, மூணாவது மாடியிலயே எதிர் எதிர்க் கதவா ஒதுக்கணும்னு சங்கம் ஏகமனதா தீர்மானிக்குது. கை தூக்குங்கன்னார். எல்லாக் கையும் மேல போச்சு. இந்தச் சங்கம் ஆரம்பிச்சு முப்பத்தோரு வருஷத்துல ஏகமனதா நிறைவேறின ஒரே தீர்மானம் இதுதானாம். வாட்ச்மேனுக்குக் குடை வாங்கறதுக்கே ரெண்டு பேர் எதிர்த்தவங்க இவங்க.

நிவேதா போன்ல பேசிட்டு வந்து சரின்னுச்சு. என்கிட்ட மட்டும் மெதுவா, "அப்ப தெற்கு வேண்டாமா ஆன்ட்டி?"ன்னு கேட்டுச்சு.

நான் போட்டேன். எனக்கு அடுத்த கோட்டுல அவர் போட்டார். பேனாவுல மை இருந்துச்சு, கண்ணாடியும் இருந்துச்சு.

ஆகஸ்ட் 31, சனி

மஸ்கட்லேர்ந்து அவர் பொண்ணு ப்ரிசில்லா போன் பண்ணினா. என் முட்டியை விசாரிச்சா, மாத்திரை பேர் கேட்டா. அப்புறம், "ஆன்ட்டி, அப்பா உங்ககிட்ட ஏதாவது கேட்டாரா?"ன்னா. எதைன்னேன். "ஒண்ணும் இல்ல ஆன்ட்டி, கேட்டா சரின்னு சொல்லிடுங்க"ன்னுட்டு வெச்சுட்டா. வாடகை வீடு விஷயமா இருக்கும்.

ஏன்னா எங்களுக்கு இப்ப அதுதான் தலைவலி. புதுக் கட்டடத்துல எதிர் எதிர்க் கதவு. சரி. நடுவுல மூணு வருஷம் இருக்கே, அது எந்தத் தீர்மானத்துல வருது? அவரும் நானும் ஒரு வாரமா தெருத் தெருவா அலையறோம். எதிர் எதிரா ரெண்டு வீடு காலியா எங்கயும் இல்ல. ஒரு வீடு நியூ ஆவடி ரோட்டுல இருக்கு, இன்னொண்ணு பெரம்பூர்ல. தரகர் ஒருத்தர், "பேமிலிக்கு எதுக்கு சார் ரெண்டு வீடு?"ன்னு கேட்டார். ஞானதிரவியம் இருமினார். நான் நாங்க பேமிலி இல்லைன்னு சொன்னேன். தரகர் எங்களை மாறி மாறிப் பார்த்துட்டு, "அப்படியா"ன்னு மட்டும் சொன்னார்.

மூணு வருஷம்ங்கறது எனக்கு அறுபத்தோரு வயசுல சின்ன விஷயம் இல்ல. ராத்திரிச் சாப்பாடு இறங்கலை.

செப்டம்பர் 13, வெள்ளி

புரட்டாசி பிறக்கறதுக்குள்ள ஒப்பந்தத்தைப் பதிஞ்சுடணும்னு இருபத்து நாலு வீடும் ரெண்டு வேன்ல சார்பதிவாளர் ஆபீஸுக்குப் போனோம். கல்யாண வீட்டுக்குப் போற மாதிரி புடவையும் பூவுமா ஒரே களை. சகுந்தலா வேன்லயே புளியோதரை எடுத்துட்டா.

ஆபீஸ்ல நிக்க இடம் இல்ல. நிலம் விக்கறவங்க, வாங்கறவங்க, ஒரு மூலையில மாலையும் கழுத்துமா ஒரு ஜோடி. பத்திரமும் அங்கதான் பதியறாங்க, கல்யாணமும் அங்கதான் பதியறாங்க. எனக்குத் தெரியும், ஆனா நின்னு பார்த்தது இல்ல. பொண்ணுக்கு வெக்கம், பையனுக்கு வியர்வை. குமாஸ்தா தலை நிமிராம, "அடுத்தது"ன்னார்.

எங்க முறை வந்து எல்லாரும் ரேகை வெச்சு, போட்டோ பிடிச்சு முடிக்க மூணு மணி ஆச்சு. ஞானதிரவியமும் நானும் மரத்தடி பெஞ்சுல உட்கார்ந்திருந்தோம். ரெண்டு பேர் மடியிலயும் பிளாஸ்டிக் பை. எதுக்கும் இருக்கட்டும்னு ஆதாருக்கு அஞ்சு ஜெராக்ஸ், போட்டோ ஒரு டஜன். அவர் பையில கூடுதலா ஸ்டெல்லாவோட இறப்புச் சான்றிதழும் இருந்துச்சு. வீடு ரெண்டு பேர் பேர்லயும் இருந்ததால கேட்டிருந்தாங்க.

அவர் பையையே பார்த்துக்கிட்டிருந்தார். அப்புறம் என்னைப் பார்க்காமலே சொன்னார்.

"இந்திராணி."

இருபத்தேழு வருஷத்துல மேடம் இல்லாம என் பேரைச் சொன்னது இதுதான் முதல் தடவை.

"மூணு வருஷத்துக்கு ரெண்டு வீடு தேடறதுக்கு பதிலா ஒரே வீடாப் பார்த்தா என்ன? குமாஸ்தாகிட்ட காலையிலயே விசாரிச்சுட்டேன். மதம் வேற வேறங்கறதால தனிச் சட்டம். ஒரு படிவம், ஆதார், போட்டோ, முதல் மனைவி இறந்த சான்றிதழ். எல்லாம் கையிலயே இருக்கு. நோட்டீஸ் போர்டுல முப்பது நாள் ஒட்டுவாங்க. யாரும் ஆட்சேபிக்கலேன்னா முடிஞ்சுது."

படபடன்னு ஒரே மூச்சுல சொல்லிட்டார்.

நான் என்ன சொல்லியிருக்கணும்? யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லியிருக்கணும். இந்த வயசுலயான்னு கேட்டிருக்கணும். தங்கச்சிங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்கணும்னு சொல்லியிருக்கணும். நான், "ஸ்டெல்லாவுக்குச் சம்மதமா இருக்குமா?"ன்னு கேட்டேன். "அவதான் உங்களுக்கு உப்பு விஷயத்தையே சொல்லி வெச்சுட்டுப் போனா"ன்னார். அதை அவகிட்டேர்ந்தே கேட்டிருக்கார். எனக்கு அங்கேயே கண்ணு நிறைஞ்சுடுச்சு, எல்லார் எதிர்லயும்.

படிவத்தை வாங்கிட்டு வான்னேன். வாங்கிட்டு வாங்கன்னு கூட சொல்லலை, பாரேன் என் வாயை.

ரெண்டு பேரும் பூர்த்தி பண்ணினோம். குமாஸ்தா வாங்கிப் பார்த்து முதல் தடவையா தலை நிமிர்ந்தார். கல்யாணத்தன்னிக்கு மூணு சாட்சி வேணும், ஆள் இருக்கான்னு கேட்டார். திரும்பிப் பார்த்தா, பின்னாடி பொன்னி குடியிருப்பு மொத்தமும் நிக்குது. கோதண்டபாணி சார் எப்ப ஆதாரை எடுத்தார்னே தெரியலை, நீட்டிட்டார். சகுந்தலா, "நான் முன்னாடி, நான் முன்னாடி"ன்னு அவரை இடிச்சுத் தள்ளிட்டு வந்தா. புளியோதரைக் கையோட என் கன்னத்தை வழிச்சா. குமாஸ்தா இன்னிக்கு வேண்டாம், முப்பது நாள் கழிச்சுக் கூட்டிட்டு வாங்கன்னு கெஞ்சினார். கணக்குப் பார்த்துட்டேன், ஐப்பசி. நல்ல மாசம்தான்.

தங்கச்சிங்களுக்குப் போன் பண்ணினேன். பெரியவ அழுதா. சின்னவ, "அந்த முருங்கைக்காய் சாம்பார் ஆள்தானே?"ன்னா. எல்லாருக்கும் எல்லாம் தெரிஞ்சிருக்கு.

வேன்ல ஏறும்போது நிவேதா ஓடி வந்துச்சு. மூச்சு வாங்க, "ரொம்ப சந்தோஷம் ஆன்ட்டி. அப்ப மூணாவது மாடியில ரெண்டு வீடு எதுக்கு? ரெண்டையும் சேர்த்து ஒரே பெரிய வீடாக் கட்டித் தரச் சொல்லட்டுமா?"ன்னு கேட்டுச்சு.

ஞானதிரவியம் என்னைப் பார்த்தார். வேன் மொத்தமும் என்னைப் பார்த்துச்சு.

"ஒண்ணும் வேண்டாம், ரெண்டாவே இருக்கட்டும்"னேன். "சண்டை வந்தா நான் எங்க போறது?"

வேன் கிளம்பற வரைக்கும் சிரிச்சாங்க. அவர்தான் எல்லாரை விடவும் சத்தமாச் சிரிச்சார்.